சிங்க்குக்குக் கீழே என்ன பலகை? பெங்களூரு மாடுலர் கிச்சன் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். நாங்கள் பெங்களூரு சைட்டுகளில் வேலை பார்க்கும் தச்சர்கள். போன மாதம் சர்ஜாபூர் ரோட்டில் ஓர் அடுக்ககம். சாவி கொடுத்து மூன்று வருடம்கூட ஆகாத வீடு. சிங்க் கேபினெட்டின் அடிப்பலகையைக் கழற்ற ஸ்க்ரூ டிரைவர் தேவைப்படவில்லை, கையாலேயே அள்ளி எடுத்தாயிற்று. கொட்டேஷனை வாங்கிப் பார்த்தால் இருந்தது ஒரே வரி: "கார்கஸ் – இன்ஜினியர்டு வுட், 18 எம்எம்."

கார்கஸ் என்றால் பெட்டியின் கூடு, சரி. ஆனால் இன்ஜினியர்டு வுட் என்பது ஒரு பலகையின் பெயர் இல்லை, பசையில் ஒட்டிச் செய்யும் பலகைகளுக்கெல்லாம் பொதுப்பெயர் என்பது எங்களைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். ப்ளைவுட்டும் இன்ஜினியர்டு வுட்தான், பிளாக் போர்டும் (நடுவில் மரக்கட்டை வைத்தது) அதுதான், எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்தது), பார்ட்டிகிள் போர்டு எல்லாமே அதுதான். சாப்பாடு உண்டு என்று கூப்பிட்டுவிட்டு, பழைய சோறா பிரியாணியா என்பதை இலை போட்ட பிறகு சொல்கிற கதை இது. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: ஒவ்வொரு பெட்டிக்கும் என்ன பலகை, எந்த ஐ.எஸ். எண் (இந்தியத் தர எண்), என்ன பசை, எத்தனை எம்எம் என்று கொட்டேஷனில் எழுதிக் கொடுங்கள்.

சிங்க் பெட்டியில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பார்ட்டிகிள் போர்டு என்பது மரத்தூளையும் சிம்பையும் யூரியா ஃபார்மால்டிஹைடு பசையில் பிசறி, சூட்டில் அழுத்திச் செய்தது. மேலும் கீழும் லேமினேட் இருப்பதால் அந்த வழியாகத் தண்ணீர் இறங்காது. ஓரம் வழியாகத்தான் இறங்கும். முன் ஓரத்தில் ஒட்டிய பட்டை, அதாவது எட்ஜ் பேண்டிங், பளபளப்பாக இருக்கும். பின் ஓரம், சுவரைப் பார்த்தபடி, மூடாமல் விட்டிருக்கும். போதாததற்கு பிளம்பர் வந்து கழிவுநீர்க் குழாய்க்கு வட்டமாக அறுக்கும் ஹோல் சா போட்டு ஓட்டை போடுவார். அந்த ஓட்டையின் உள்வட்டத்துக்கு சீலர் அடிக்கிற வேலை யாருடைய பட்டியலிலும் இல்லை. பிறகு ஆர்.ஓ. மெஷினின் கால் இஞ்ச் குழாய் ஜாயின்டில் ஒரு சொட்டு. ஒரு நாளுக்கு நாலு சொட்டு போதும். அழுத்தி வைத்த சிம்பு ஈரம் பட்டதும் விரியும், பசை விட்டுக்கொடுக்கும், 18 எம்எம் பலகை ஓரத்தில் 22, 23 என்று உப்பும். காய்ந்தாலும் பழையபடி இறங்காது. கீல் பிடித்திருந்த ஸ்க்ரூ பிடி விட்டு, ஷட்டர் ஒரு பக்கம் தொங்கும். வாரண்டி அட்டையை எடுத்தால் "நீர்க்கசிவால் ஏற்படும் சேதம் நீங்கலாக" என்று பொடி எழுத்து. சிங்க்குக்குக் கீழே வைக்கிற பலகைக்கு நீர்க்கசிவு நீங்கலாக வாரண்டி! மழையில் பிடிக்கக் கூடாத குடையும் விற்கிறீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

வீட்டம்மா கேட்பதோ எங்களைத்தான்: "என்ன ஆசாரி, சரியா ஒட்டலையா?"

எம்.டி.எஃப். உள்ளே பச்சையாக இருந்தால் தண்ணீர் தாங்கும் என்று ஷோரூமில் சொல்கிறார்கள். அந்தப் பச்சை வெறும் சாயம். எந்தப் பசை என்பதை நிறம் சொல்லாது. ப்ளைவுட்டிலும் காற்றின் ஈரத்தை மட்டும் தாங்கும் எம்.ஆர். தரப் பலகை வாஷ் ஏரியாவுக்கு ஆகாது. ஐ.எஸ். 710 எண் போட்ட மரைன் ப்ளை 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் பிரியக் கூடாது என்பது அளவுகோல். அதற்கு ஃபீனாலிக் பசை வேண்டும், அறுத்த ஓரத்தில் கரும்பழுப்புக் கோடாகத் தெரியும். அந்தக் கோட்டையும் சாயம் கலந்து காட்டுகிறவர்கள் உண்டு என்பதால், ஷீட்டில் உள்ள ஐ.எஸ்.ஐ. முத்திரையின் லைசென்ஸ் எண்ணை இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் ஆப்பில் போட்டுப் பார்ப்பதுதான் பத்திரம். ப்ளைவுட்டுக்கு முத்திரை கட்டாயம் என்ற ஆணை 2025-இல் நடைமுறைக்கு வந்துவிட்டது. ஷீட்டில் இருக்கிற எண் கொட்டேஷனில் ஏற மறுப்பது ஏன்?

பிரோஷரில் மட்டும் இலைப் படம், "பசுமை வீடு" என்று தலைப்பு. பலகையில் தப்பில்லை. மலைவேம்பு, யூகலிப்டஸ், சில்வர் ஓக், பாப்லர் என்று நட்டு வளர்த்த மரத்தை வைத்தே நல்ல பலகை செய்யலாம். நம் விமான நிலையத்தின் இரண்டாம் முனையத்தில் கூரையெல்லாம் பதப்படுத்திச் சேர்த்த மூங்கில். எங்கே எதை வைப்பது என்று தெரிந்து வைத்தார்கள். மூன்று வருடத்தில் குப்பைக்குப் போகும் பலகை எந்தக் காட்டைக் காப்பாற்றியது? பழைய தேக்குக் கதவை மைசூர் ரோடு மரக்கடையில் கேட்டு வாங்குவார்கள். ஊறிப்போன பார்ட்டிகிள் போர்டைக் காயலான்கடைக்காரர் தொடக்கூட மாட்டார். அடுப்பெரிக்கவும் ஆகாது, பசையும் லேமினேட்டும் சேர்ந்து புகையும். விளம்பரத்தில் வரும் நடிகை சிங்க்குக்கு முன்னால் சிரிக்கிறாரே தவிர, குனிந்து கீழே பார்த்ததாக நினைவில்லை.

கோபத்தில் கொஞ்சம் விலகிவிட்டோம், மன்னிக்கவும். பார்ட்டிகிள் போர்டே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. படுக்கையறை அலமாரிக்கு, காய்ந்த சுவருக்கு, தாராளமாக வையுங்கள். ஆனால் அதன் பெயரை எழுதி வையுங்கள். பசையிலிருந்து வெளியேறும் ஃபார்மால்டிஹைடு வாயுவின் அளவு இ1 தரமா, அதைவிடக் குறைவான இ0 தரமா என்பதையும் சேர்த்து எழுதுங்கள், குழந்தை தூங்கும் அறை அது.

செலவைப் பற்றிச் சொல்வீர்கள். 900 எம்எம் சிங்க் பெட்டிக்கு அடிப்பலகை 900-க்கு 560 எம்எம். ஒரு 8-க்கு 4 அடி ஷீட்டில் ஐந்து வெட்டலாம். ஒரு வீட்டுக்கு ஷீட்டில் ஐந்தில் ஒரு பங்கு மரைன் ப்ளை. நாலு ஓரமும் 2 எம்எம் பேண்டிங், ஈரம் தாங்கும் பி.யு.ஆர். பசையில். குழாய் ஓட்டைக்கு இரண்டு கோட் சீலர், சுற்றி சிலிகோன். பெட்டி தரையில் உட்காராமல் 100 எம்எம் கால். அவ்வளவுதான்.

அடுத்த கொட்டேஷன் படிவம் அச்சுக்குப் போகும்முன் பலகை, ஐ.எஸ். எண், பசை, எம்எம் என்று நான்கு கட்டம் சேர்க்குமாறு தயவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பெங்களூரு சைட்டுகளில் வேலை பார்க்கும் தமிழ்த் தச்சர்கள், மேற்பார்வையாளர்கள்