மருந்தடிக்கும் முன்பே ரத்தம் எடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2017ஆம் ஆண்டு மகாராஷ்டிரத்தின் யவத்மாலில் பருத்திக்குப் பூச்சிமருந்து அடித்தவர்களில் இருபது பேருக்கு மேல் இறந்தனர். அதே ஆண்டு எங்கள் பெரம்பலூர் மாவட்டப் பருத்திக் காடுகளிலும் உயிர்கள் போயின. அதன் பிறகு கையுறை, முகக்கவசம் பற்றிப் பேசிய அளவுக்கு, உடம்புக்குள் மருந்து எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அளப்பதைப் பற்றி நாம் பேசவில்லை. ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர் என்ற முறையில் அதைக் குறித்து எழுதுகிறேன்.

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துகள், நரம்புகள் சரியாக இயங்கத் தேவையானதும் ரத்தத்திலும் உள்ளதுமான கோலினெஸ்டரேஸ் என்னும் நொதியை முடக்குவதால், மயங்கி வருபவருக்கு மருத்துவமனையில் அதன் அளவைத்தான் பார்க்கிறார்கள். ஆனால் அந்த அளவு ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். அதனால் ஆய்வகத் தாளில் அச்சிட்டிருக்கும் இயல்பு வரம்பும் மிக அகலமானது. வரம்பின் மேல்விளிம்பில் இருந்த ஒருவர், பருவம் முழுக்க மருந்தடித்துத் தம் நொதியில் ஏறத்தாழப் பாதியை இழந்த பிறகும் வரம்புக்குள்ளேயே நிற்கக்கூடும். அவருக்கு ‘நார்மல்’ என்றே தாள் போகும். நானே அப்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாறாக, கல்லீரல் நோயாளிக்கும் கர்ப்பிணிக்கும் மருந்தே படாமல், ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் இந்த நொதியின் அளவு குறைந்திருக்கலாம். கார்பமேட் என்னும் இன்னொரு வகைப் பூச்சிமருந்திலோ, குழாயில் எடுத்து வைத்த ரத்தத்திலேயே நொதி மீண்டுவிடும் என்பதால், குளிரூட்டாமல் பேருந்தில் ஏற்றி அனுப்பிய மாதிரியின் முடிவை நம்புவதற்கில்லை. யவத்மாலில் பேசப்பட்ட டயாஃபென்தியூரான் மருந்து செயல்படும் வழியே வேறு. இந்தச் சோதனையில் அது அகப்படாது.

சிறுநீரில் பார்க்கலாமே என்பார்கள். மருந்தின் சிதைபொருள் ஓரிரு நாளில் பெரும்பாலும் வெளியேறிவிடுகிறது. தண்ணீர் குடிக்காமல் வெயிலில் நின்றவரின் சிறுநீர் அடர்ந்து எண் கூடும். அதைக் கிரியாட்டினின் என்னும், தசையிலிருந்து வரும் கழிவுப்பொருளின் அளவைக் கொண்டு சரிசெய்யப் போனால், உழைத்துத் தசையேறிய உடம்பில் கிரியாட்டினினே கூடுதலாக இருக்கும்.

கலிபோர்னியாவில் 1974 முதலே, இவ்வகை மருந்தைத் தொடர்ந்து கையாளும் தொழிலாளிக்கு முன்கூட்டியே அடிப்படை அளவு எடுக்கிறார்கள். ரத்தச் சிவப்பணுவிலுள்ள கோலினெஸ்டரேஸ் அவருடைய சொந்த அடிப்படை அளவில் 70 விழுக்காட்டுக்கு இறங்கினால் அந்த வேலையிலிருந்து விலக்கி, 80 விழுக்காட்டுக்கு ஏறிய பின்பே திரும்பச் சேர்க்கிறார்கள்.

இங்கும் மருந்தடிப்பு தொடங்குமுன், முப்பது நாளாவது மருந்து படாமல் இருந்தவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் எடுத்து, அந்த எண்ணை ஓர் அட்டையில் எழுதித் தர மாவட்ட நிர்வாகம் ஏற்பாடு செய்ய வேண்டும். அடுத்த சோதனையும் அதே ஆய்வகத்தில், அதே முறையில் நடக்க வேண்டும். முறை மாறினால் இரண்டு எண்களை ஒப்பிட முடியாது. இன்று ஒருவர் காடு, நாளை இன்னொருவர் காடு என்று போகும் கூலியாளுக்குப் பதிவேடு வைத்திருக்க முதலாளி என்று ஒருவர் கிடையாது. ஆகவே அட்டை அவர் கையிலேயே இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வக நுட்புநர்,
பெரம்பலூர் மாவட்டம்