ஆத்தோரம்னா எல்லாமே வண்டல் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க.

போன வாரம் உங்க விவசாயப் பக்கத்துல சேலம் மாவட்ட மண் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன். செம்மண், கரிசல், வண்டல்னு மூணே டப்பாவுல எல்லாத்தையும் போட்டு மூடிட்டாங்க, அதுலயும் ஆத்தோரத்துக்கு "வளமான வண்டல் மண்"னு ஒரே வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இத எழுதறேன். ஓமலூருக்குக் கீழ சரபங்கா ஆத்து ஓரமா எங்களுக்கு நாலு ஏக்கர் இருக்குங்க, அந்த நாலு ஏக்கருக்குள்ளயே அந்த வரி நிக்க மாட்டேங்குது.

மூணு வருஷம் முன்ன நாலு ஏக்கர்லயும் குச்சிக்கிழங்கு, அதாங்க மரவள்ளி, வச்சேன். கரையோரம் இருக்கறது ஈரத்துல அழுகும், உள்ள தள்ளி இருக்கறது தப்பிச்சிக்கும்னு ஊரே சொல்லுச்சு, நானும் நம்பினேன். ஆனது தலைகீழ். கரையோரம் கிழங்கு முழங்கை மொத்தத்துக்கு வந்துச்சு, உள்பக்கம் புடுங்கினா குச்சி மட்டும் கையோட வருது, கிழங்கு மண்ணுக்குள்ளயே கூழா நாறிக் கெடக்கு. மண்ண சோதிச்சு சர்க்கார் குடுக்கற மண்வள அட்டை ரெண்டு பக்கத்துக்கும் ஒண்ணுதாங்க.

தங்கச்சி பையன் வேளாண் காலேஜ்ல படிக்கறான், "மாமா, மேல சுரண்டிப் பாத்தா ஒண்ணும் தெரியாது, ஆள் இறங்கற மாதிரி குழி வெட்டுங்க"ன்னான். ஜேசிபி வேற வேலைக்கு வந்திருந்துச்சு, டீசலுக்கு காசு குடுத்து கரையோரம் ஒண்ணு, உள்பக்கம் ஒண்ணுன்னு அஞ்சடி ஆழத்துக்கு ரெண்டு குழி எடுத்தோம். அதுக்குள்ள இறங்கி நின்னப்பதான் ஐம்பது வருஷமா எது மேல நடந்துட்டு இருக்கேன்னு தெரிஞ்சுது.

கரையோரக் குழியில மேல ஒரு சாண் பொடி வண்டல், அது கீழ காக்காப்பொன் மினுக்கற பொடிமணல், மறுபடி வண்டல், மறுபடி மணல், அடுக்கு அடுக்கா சாமியார் விபூதிப் பட்டை மாதிரி போகுது. ஒரு அடி ஆழத்துல ஒரு பாலித்தீன் கவர் நீட்டிக்கிட்டு இருந்துச்சு, அப்போ அதுக்கு மேல இருக்கறது பூராவும் கவர் வந்த காலத்துக்கப்புறம் வெள்ளம் கொண்டாந்து போட்டதுன்னு பையன் சொன்னான். 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழை ஏற்காட்டுல கொட்டினப்போ ஆறு பொங்கி எங்க வரப்பு மேல நாலு விரக்கடை வண்டல் நின்னத நானே பாத்தவன், அதனால நம்ப கஷ்டமா இல்ல.

உள்பக்கக் குழி வேற கதை. ரெண்டடிக்குக் கீழ ஒரே களி, சாம்பல் நிறம், அதுக்குள்ள துருப்புடிச்ச மாதிரி ஆரஞ்சு புள்ளிங்க. தண்ணி தேங்கி காத்து போகாம இருந்தா மண்ணுல இருக்கற இரும்பு நிறம் போய் சாம்பலாயிடுமாம், வடிஞ்சு காத்து பட்டா துருவா மாறுமாம், ரெண்டும் மாறி மாறி நடந்தா இப்படி புள்ளி விழும். ஈரமா உருட்டி கட்டை விரலால தள்ளினா ரிப்பன் மாதிரி ரெண்டு இஞ்சுக்கு மேல அறாம வருது. கரையோர மண்ணு அரை இஞ்சுலயே உதிந்துடுது.

இதுக்குக் காரணம் சிம்பிள்ங்க. ஆறு கரைய தாண்டின உடனே வேகம் கொறையுது, வேகம் கொறைஞ்சா கனமான மணல் அங்கயே விழுந்துடும், அதனாலதான் கரை கொஞ்சம் மேடா இருக்கும், மெல்லிசான களி மட்டும் தண்ணியோட உள்ள வந்து பள்ளத்துல நாள்கணக்கா நின்னு படியும். ஆத்துக்கு கிட்ட மணலு, தூரத்துல களி. நாங்க நினைச்சதுக்கு நேர் எதிர்.

இப்ப அட்டைக்கு வரேன். 2015ல கொண்டாந்த திட்டம், கார அமிலம், உப்பு, கரிமம், தழை மணி சாம்பல்னு 12 அயிட்டம் பாக்கறாங்க, நல்லதுதான், உரச் செலவு எனக்கே கொறைஞ்சிருக்கு. ஆனா பாசன நிலத்துல 2.5 ஹெக்டேருக்கு ஒரு மாதிரி, அதாவது ஆறு ஏக்கருக்கு மேல, அதுவும் மேல் ஆறு இஞ்சு மட்டும். மேட்டுக்காட்டுக்கு அது ஒத்துவரலாம். ஆத்துப் படுகையில நூறடி நடந்தா மண்ணு மாறுது, கீழ ரெண்டடியில களி பாய் விரிச்சு படுத்திருக்கறது அட்டைக்கு எப்படித் தெரியும்?

உலகம் பூரா மண்ணு பிரிக்கறவங்க ஆத்து வண்டலுக்கு தனி அடையாளம் வச்சிருக்காங்களாம். சாதாரண மண்ணுல கீழ போகப் போக கரிமம் சீரா கொறையும், ஆறு போட்ட மண்ணுல ஏறி இறங்கி ஏறும், ஏன்னா பழைய மேல்மண்ணு மேலயே புது வெள்ளம் வந்து மூடிடுது. அமெரிக்கா முறையில ஃப்ளூவென்ட், இன்னொரு முறையில ஃப்ளூவிசால்னு பேரு. குழியே வெட்டாம அந்தப் பேர எப்படி வைக்கறது?

கட்டுரையில இன்னொரு தப்பு, சேர்வராயன் மலை அடிவாரத்து மண்ணையும் வண்டல் கணக்குல சேத்துட்டாங்க. அது சரிவுல உருண்டு வந்ததுங்க. கல்ல கையில எடுத்தாலே தெரியும், மூலை மூலையா குத்தும், ஆறு உருட்டின கல்லு கூழாங்கல்லா வழவழன்னு இருக்கும்.

இந்த வித்தியாசம் காசு சம்பந்தப்பட்டது. ஏரி வண்டல் அள்ள தாசில்தார்கிட்டயே அனுமதி வாங்கலாம்னு 2024ல ஈசியாக்கினப்போ ஊர்ல எல்லாரும் டிராக்டர் எடுத்துட்டு கிளம்பினாங்க. மணல் காட்டுக்கு அந்தக் கரம்பை, அதாவது ஏரிக் களி, அமிர்தம். என் உள்பக்கக் காடு மாதிரி களி மேல களி கொட்டினவங்க இப்ப புலம்பறாங்க. எங்க அப்பாரு இருந்தா கொட்ட விட்டிருக்க மாட்டாரு, சவுடு, சரளை, களர், கரம்பைன்னு துண்டு துண்டுக்கு ஒரு பேரு வச்சிருந்தவரு அவரு.

எழுதினவர இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க. உள்பக்கம் இப்ப நெல்லு போட்டிருக்கேன், அந்தக் குழிய மூடிட்டேன். கரையோரக் குழி அப்படியேதான் இருக்கு, ஆடு விழுந்துடும்னு வீட்ல தெனம் திட்டு, ஐப்பசி மழைக்குள்ள அதையும் மூடிடுவேன்.

இப்படிக்கு,
சரபங்கா கரை வாசகர் ஒருத்தர்,
ஓமலூர் வட்டம், சேலம் மாவட்டம்.