தெருப்பக்கத்துச் சுவரை இறக்குமுன்

சிவமயம்

கானாடுகாத்தான்

அன்புள்ள மகனுக்கு அப்பச்சி எழுதுவது. இங்கு நானும் ஆத்தாவும் சுகம். சிங்கப்பூரில் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகந்தானே.

முகப்பு மாடியின் கைப்பிடிச் சுவரை இறக்கிக் கட்டுவதற்குக் காண்ட்ராக்டர் எழுதிக் கொடுத்த ஒப்பந்தத்தை அனுப்பியிருந்தாய். "யாருக்கு என்ன ஆனாலும் முழுப் பொறுப்பும் என்னுடையது" என்று அவர் எழுதியதில் உனக்கு நிம்மதி. எனக்கு இல்லை. அதில் கையெழுத்துப் போட்டது நீயும் அவரும். தெருவில் சைக்கிளில் போகிற பிள்ளை போடவில்லையே. அதன் தலையில் கல் விழுந்தால் பெற்றவர்கள் நம் வாசலுக்குத்தான் வருவார்கள். நஷ்டஈட்டை நாம் கொடுத்துவிட்டு, அப்புறம் அந்தத் தாளைக் காட்டி அவரிடம் வாங்கிக்கொள்ளலாம், அவர் கையில் ஏதாவது இருந்தால்.

தேவகோட்டைக்குப் போய் நம் வக்கீலைப் பார்த்தேன். காண்ட்ராக்டரின் கவனக்குறைவுக்குச் சாதாரணமாக வீட்டுக்காரன் பொறுப்பில்லையாம். ஆனால் ஆள் நடமாடும் தெருவுக்கு ஆபத்து வரக்கூடிய வேலை என்றால், அந்தக் கடமையை இன்னொருவர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது என்றார். டெல்லி சாந்தினி சௌக்கில் 1951-ல் மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் செத்த வழக்கையும் சொன்னார். கட்டடம் நகராட்சியுடையது, 80 வருஷம் பழசு. அதில் போட்ட காரைக்கு 40, 45 வருஷந்தான் ஆயுள். வெளியே தெரியாத பழுது என்று வாதாடிப் பார்த்தார்கள். ரோட்டை ஒட்டிக் கட்டடம் வைத்திருப்பவன் தெரிந்த பழுதுக்கும் தெரியாத பழுதுக்கும் பொறுப்பு என்று 1966-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது.

நம் சுவர் முட்டை வெள்ளைக்கரு விட்டு இழைத்த காரை, அசையாது என்று உன் சித்தப்பா பெருமை பேசுவார். பூச்சு இன்னும் பளபளவென்றுதான் இருக்கிறது. ஆனால் கொத்தனாரோடு மேலே ஏறிப் பார்த்தேன். வாசலுக்கு நேர் மேலே நிற்கிற சுதைச் சிங்கத்துக்குள் விட்ட கம்பி துருவேறி ஊதிக் கிடக்கிறது. கழுத்தைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு விரிசல். தொட்டால் ஆடுகிறது. கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. தெரியாது என்றாலும் விடமாட்டார்கள். நமக்கோ தெரிந்தே விட்டது. கயிறு போட்டு இழுத்துக் கட்டி, கீழே திண்ணை ஓரமாக ஆள் போகாமல் கட்டை கட்டியிருக்கிறேன்.

மேலேயிருந்து விழுவதைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். எனக்குக் கீழே கொட்டுகிற மணலும் ஜல்லியும்தான் பெரிய கவலை. பாதித் தெருவை அடைத்துக் கொட்டிவிட்டு லாரிக்காரன் போய்விடுவான். ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில் ஒருவன் பைக்கில் வந்து சறுக்கினால் அதற்கும் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். பின்கட்டு வழியாக இறக்கச் சொல்லிவிட்டேன். தூக்குகூலி அதிகம் கேட்கிறார்கள். கொடுத்துவிடுவோம்.

இடிக்கும்போதும் கட்டும்போதும் விழாமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் அதுவே குற்றமாம். புதுச் சட்டம் பாரதிய நியாய சன்ஹிதாவில் 290-ஆம் பிரிவு: ஆறு மாதம் வரை ஜெயில், இல்லையென்றால் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உயிரே போய்விட்டால் அது வேறு பிரிவு, ஐந்து வருஷம் வரை.

அதனால் தகர அடைப்பும் சாரத்துக்கு வலையும் போட்ட பிறகுதான் முதல் கல்லை எடுக்க வேண்டும். காண்ட்ராக்டர் இன்சூரன்ஸ் இருக்கிறது என்கிறார். நம் ஊரில் வாய்வார்த்தை இன்சூரன்ஸ் எல்லாரிடமும் இருக்கும். பாலிசி நகலை வாங்கி, வழிப்போக்கருக்கு அடிபட்டாலும் பணம் வருமா, நம் பெயரும் அதில் இருக்கிறதா, வேலை முடியும் வரை தேதி இருக்கிறதா என்று நீயே படித்துப் பார். நீ சொன்னபடி மார்ச்சில் ஆரம்பிக்க வேண்டாம். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் இந்த வழியாகத்தான் போகின்றன. மே மாதம் லீவு விட்டதும் இறக்குவோம்.

வளவில், அதாவது இந்தப் பொது வீட்டில், ஆறு பங்கு. நோட்டீஸ் வந்தால் ஆறு பேருக்கும்தான் வரும், ஆகவே இந்தச் செலவையும் ஆறாகப் பிரிக்க வேண்டும். சித்தப்பாவிடம் நீயே பேசு. நான் சொன்னால் கிழவன் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறான் என்பார்.

அப்பச்சி