படத்துக்கு முன்பும் அவர் எழுத்தாளர்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் குழந்தைகளுக்கு மாயக்கதைகள் எழுதிய ஆங்கில எழுத்தாளர் டயானா வின் ஜோன்ஸ் பெயரைப் பார்த்ததும் அவ்வளவு மகிழ்ச்சி எனக்கு. ஆனால் கட்டுரை முக்கால்வாசி ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் ஹயாவோ மியாசாகி 2004-இல் எடுத்த 'ஹவுல்ஸ் மூவிங் காசில்' படத்தையே சுற்றி வந்தது. அந்தப் படத்தின் மூலக்கதையை எழுதியவர் என்ற அளவில் அவரை முடித்துவிட்டீர்கள். மனம் ஆறவில்லை, எழுதுகிறேன். படம் வந்தபோது அவருக்கு 70 வயது. குழந்தைகளுக்காக முப்பது ஆண்டுகளுக்கு மேல் எழுதியிருந்தார்.

டயானா வளர்ந்தது இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸில் உள்ள தாக்ஸ்டெட் என்ற ஊரில். மூன்று பெண்களில் மூத்தவர். அப்பா, சிறுவர் கதைகள் எழுதிய ஆர்தர் ரான்சமின் புத்தகங்களை மொத்தமாக வாங்கி அலமாரியில் பூட்டி வைத்துவிட்டு, மூவருக்கும் சேர்த்து வருஷத்துக்கு ஒன்றாக எடுத்துக் கொடுப்பாராம். படிக்கப் புத்தகம் இல்லாத குறையைத் தீர்க்க டயானா நோட்டுகளில் தானே கதை எழுதித் தங்கைகளுக்கு வாசித்துக் காட்டினார். அந்தத் தங்கைகளில் ஒருவரான அர்சுலா ஜோன்ஸ்தான், 2011-இல் அக்கா இறந்த பிறகு பாதியில் நின்ற நாவலை முடித்தார். 2014-இல் அது வெளிவந்தது. ஒரு வரியாவது இதைச் சொல்லியிருக்கலாம்.

ஆக்ஸ்ஃபோர்டில் புகழ்பெற்ற மாயக்கதை எழுத்தாளர்களான டோல்கீன், சி. எஸ். லூயிஸ் இருவரின் விரிவுரைகளையும் கேட்டவர் என்பதைக் கட்டுரை பெரிதாகச் சொல்கிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது அதற்குப் பிந்தைய காலம்தான். 1956-இல் திருமணம், பிறகு மூன்று ஆண் குழந்தைகள். குழந்தைகளுக்கான அவரது முதல் நாவல் 1973-இல்தான் அச்சேறியது, நாற்பதை நெருங்கிவிட்டார்.

1977-இல் வந்த 'சார்ம்டு லைஃப்' நாவல் சிறுவர் புனைகதைக்கான கார்டியன் பரிசு பெற்றது. அதில் கேட் என்ற சிறுவனுக்கு ஒன்பது உயிர்கள். அவன் அக்கா க்வெண்டலன் அந்த உயிர்களை ஒரு தீப்பெட்டி அட்டைக்குள் அடைத்து, தன் மந்திரத்துக்காகச் செலவழிக்கிறாள். ஒரு குச்சி எரிந்தால் ஓர் உயிர் போச்சு. படிக்கிற நமக்குப் புரிந்த பிறகும் அவனுக்குப் புரிவதில்லை. சொந்த அக்கா தனக்குக் கெடுதல் செய்வாள் என்று எந்தப் பிள்ளைதான் நம்பும்? வீட்டுக்குள்ளேயே நடக்கும் துரோகத்தைக் குழந்தைகளிடம் மறைக்காமல், அதே சமயம் அவர்களைப் பயமுறுத்தி முடக்காமல் சொன்னவர் அவர். மாயக்கதை எழுதுகிற பலரிடம் நான் தேடியும் காணாத துணிச்சல் இது.

படத்தின் மூலக்கதை என்று நீங்கள் குறிப்பிட்ட, அதே பெயர் கொண்ட நாவல் 1986-இல் வந்தது. ஒரு பள்ளிக்குப் போயிருந்தபோது, 'நகரும் கோட்டை' என்று ஒரு புத்தகம் எழுதுங்கள் என்று ஒரு சிறுவன் கேட்டிருக்கிறான். அவன் பெயரை எழுதி மிகப் பத்திரமான ஓர் இடத்தில் வைத்தார். அதன்பின் எவ்வளவு தேடியும் அந்தத் தாள் கிடைக்கவே இல்லை. பெயர் சொல்ல முடியாத அந்தப் பையனுக்கு நாவலின் தொடக்கத்திலேயே நன்றி சொல்லியிருக்கிறார். வெளிவந்தபோது பெரிய பரிசு எதுவும் அதற்குக் கிடைக்கவில்லை. அப்படி விடுபட்ட நூல்களுக்கு 20 ஆண்டுகள் கழித்து வழங்கப்படும் ஃபீனிக்ஸ் விருது 2006-இல் அதற்குக் கிடைத்தது.

இடையில் அவருடைய புத்தகங்கள் பல அச்சில் இல்லாமலே போயின. ஹாரி பாட்டர் அலை எழுந்த பிறகுதான் பதிப்பாளர்கள் அவற்றை மறுபடி தேடி எடுத்தார்கள். அந்தக் காலம் முழுக்க அவர் எழுதுவதை நிறுத்தவே இல்லை. ஓர் எழுத்தாளரின் வாழ்க்கையைச் சொல்லும்போது இந்த ஆண்டுகளை எப்படி விட முடியும்?

அடுத்து அவரைப் பற்றி எழுதும்போது 'சார்ம்டு லைஃப்' நாவலுக்குத் தனியாக இரண்டு பக்கம் ஒதுக்க வேண்டுகிறேன். படம் பார்த்துவிட்டு அவரைத் தேடி வரும் பிள்ளைகள் அடுத்து எதைப் படிப்பது என்று ஒரு சின்னப் பட்டியலும் போடுங்கள். அதில் முதல் பெயர் அதுவாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி