கறுப்பு ஆறு கழிவால் கறுக்கவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் அமேசான் கட்டுரை படித்தேன். அமேசானின் துணையாறான ரியோ நெக்ரோவின் கறுப்புக்குக் கழிவுநீர்தான் காரணம் என்ற தொனி தவறு. மணற்பாங்கான மழைக்காட்டு மண்ணில் மட்கும் இலைதழைகளின் சாறு இறங்கித்தான் அந்த நிறம். நீர்த்த டிகாஷன் மாதிரி. வண்டல் குறைவு, அமிலத்தன்மை அதிகம். இந்தக் கறுப்பு ஆற்றில் வந்து சேரும் பெரிய துணையாற்றுக்குப் பெயர் பிராங்கோ, அதாவது வெள்ளை! பிரேசிலின் மனாஸ் நகர் அருகே, ஆண்டிஸ் மலை வண்டலைச் சுமந்துவரும் சொலிமோய்ஸும் (அமேசானின் மேற்பகுதிக்கு அங்கே அந்தப் பெயர்) நெக்ரோவும் சந்தித்தும் கலக்காமல் சுமார் 6 கி.மீ. அருகருகே ஓடுகின்றன. வேகம், வெப்பநிலை, அடர்த்தி மூன்றும் வேறு என்பதால்தான்.

கட்டுரையாளர் காசிகியாரேயை விட்டுவிட்டாரே என்பதுதான் என் பெரிய வருத்தம். வெனிசுவேலாவில் ஒரினோகோ ஆற்றிலிருந்து பிரிந்து, அதன் தண்ணீரில் ஒரு பங்கை நெக்ரோவுக்குக் கொண்டுவரும் இயற்கைக் கால்வாய் அது. இரண்டு பெரும் ஆற்றுப்படுகைகளை வெட்டாமலே இணைக்கிறது. 1800-இல் ஜெர்மன் இயற்கையியலாளர் ஹம்போல்ட் அதில் படகில் போய்ப் பார்த்தார். வரைபடத்தில் நெக்ரோ படுகையின் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று மாணவர்கள் கேட்டால் நான் சிரித்துச் சமாளிப்பேன்.

2021 ஜூன் வெள்ளத்தில் மனாஸில் நெக்ரோவின் நீர்மட்டம் 30 மீட்டரைத் தாண்டியது. அதையும் சேர்த்திருக்கலாம்.

ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியர்,
தென்காசி