அண்ணா நகர் பிள்ளையார் கோயில்: திருப்பணி நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிள்ளையார் அருளால் திருப்பணி முடிந்து, கும்பாபிஷேகமும் நல்லபடியாக நடந்தது.

இந்த முறை பெரிய வேலை தரையில்தான். தெருவுக்குத் தார் போடும்போதெல்லாம் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டுப் போட்டு ரோடு உயர்ந்தது, கோயில் பள்ளமானது. ஐப்பசி மழையில் குருக்கள் கணுக்கால் தண்ணீரில் நின்று தீபாராதனை காட்டியதைப் பார்த்து வருந்தாதவர் இல்லை. பாலாலயம் செய்து (திருப்பணி முடியும்வரை பூஜைக்கான தற்காலிகச் சந்நிதி), மூலவரை நெல்லில் எழுந்தருளச் செய்த பிறகு தரையைத் தோண்டினோம்.

இரண்டு அடுக்கு டைல்ஸுக்குக் கீழே பழைய சிமெண்ட் படி ஒன்று வந்தது. ஈரம் காயும் முன் யாரோ விரலால் போட்ட 'உ' அதில் அப்படியே இருக்கிறது. நம் மூத்த உறுப்பினர் ஒருவர் பார்த்ததும் குனிந்து தொட்டார். "அப்பா போட்டது" என்றார்.

இளையவர்களுக்காக ஒரு வார்த்தை. நடுவக்கரை போன்ற கிராமங்கள் இருந்த இடம் இது. 1968 ஜனவரியில் உலக வர்த்தகப் பொருட்காட்சி இங்கே நடந்தது. டவர் பார்க்கில் நிற்கும் 12 மாடிக் கோபுரம் அப்போது கட்டியதுதான். ஹவுசிங் போர்டு அவென்யூ, மெயின் ரோடு என்று அளந்து எண் போட்டது, பூங்காவுக்கும் பள்ளிக்கும் இடம் விட்டது. தவணை கட்டி வந்தவர்கள் ஒருவருக்கொருவர் புதியவர்கள். சாயங்காலம் இந்தப் படியில் உட்கார்ந்துதான் பழகினார்கள். இன்று அந்தத் தனி வீடுகளில் பல அடுக்குமாடியாகிவிட்டன, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கிறார்கள். அங்கிருந்தும் நன்கொடை வந்தது, நெஞ்சார்ந்த நன்றி.

அப்புறம், அஷ்டபந்தனம், அதாவது மூலவரைப் பீடத்தில் பதிக்கும் எட்டுப் பொருள் சாந்து. கொம்பரக்கு, குங்கிலியம், சுக்கான் தூள், கற்காவி, செம்பஞ்சு, சாதிலிங்கம், தேன்மெழுகு, எருமை வெண்ணெய் சேர்த்து உரலில் இடித்தார்கள். பதம் வரும்வரை உலக்கை நிற்கக் கூடாது. நம் பையன்கள் முறை வைத்து மாற்றிக் கொடுத்தார்கள். குடியிருப்புக் காவலர்களும் கை கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்தைப் பார்த்தபோது மனசு நிறைந்துவிட்டது.

தரை இப்போது ரோட்டைவிட உயரம். மழைநீருக்குத் தனிக் குழாய் போட்டாயிற்று. மதில் வெள்ளையடிப்பு மட்டும் பாக்கி. தை பிறந்ததும் முடித்துவிடுவோம். பழைய படியை உடைக்கவில்லை. புதிய வாசலில் வலதுபுறம், குழந்தைகளுக்கும் எட்டுகிற உயரத்தில் பதித்திருக்கிறோம்.

ஆடிட்டர் சரிபார்த்த வரவு செலவுக் கணக்கு கோயில் பலகையில் இருக்கிறது. 48 நாள் மண்டலாபிஷேகத்தில் கடைசி வார உபயத்துக்குச் சில நாட்கள் காலியாக உள்ளன. விரும்புவோர் மாலை பூஜைக்குப் பின் பெயர் கொடுக்கலாம்.

திருப்பணிக் குழுவினர்