கருப்பு அங்கி அணிய உதவியவர்களுக்கு நன்றி மடல்

முக்கூடல் ஊர்ப் பெரியவர்களுக்கும், பாளையங்கோட்டை நீதிமன்றத்து மூத்த வழக்கறிஞர்களுக்கும், என் ஆசிரியர்களுக்கும் வணக்கம்.

சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சில் நடத்திய விழாவில் நான் வழக்கறிஞராகப் பதிவு செய்துகொண்டதை உங்களில் பலர் அறிவீர்கள். உறுதிமொழியை ஒருவர் வாசிக்க, அங்கியும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் அணிந்து நின்ற நாங்கள் ஒரே குரலில் திரும்பச் சொன்னோம். விழாவின் சாரம் அவ்வளவுதான். அந்த வரிசையில் என்னைக் கொண்டுபோய் நிறுத்தியவர்கள் யார் யார் என்பதை எழுதிவைப்பது என் கடமை.

முதல் நன்றி, சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றும் எங்கள் தெருப் பெண்களுக்கு. அம்மாவின் பீடித் தொழிலாளர் அடையாள அட்டையால்தான் எனக்கு மத்திய அரசின் கல்வி உதவித்தொகை கிடைத்தது. தேர்வுக் காலங்களில் என் பங்கு இலையையும் தாங்களே வெட்டிச் சுற்றிக் கடையில் ஒப்படைத்துவிட்டு, "நீ போய்ப் படி" என்று என்னை எழுப்பி அனுப்பிய மைனிக்கும் சித்திக்கும் நான் என்ன சொல்வது?

1996ஆம் ஆண்டு திருநெல்வேலியில் அரசு சட்டக் கல்லூரி தொடங்கப்படாமல் இருந்திருந்தால், மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பிப் படிக்கவைக்க எங்கள் வீட்டில் வழி இருந்திருக்காது. அங்கே எனக்குக் கற்பித்த ஆசிரியர்கள் அனைவருக்கும் நன்றி.

பட்டம் வாங்கியதோடு வேலை முடிந்தது என்று எங்கள் வீட்டார் நினைத்திருந்தனர். மதிப்பெண் பட்டியல்கள், மாற்றுச் சான்றிதழ், என் மீது குற்ற வழக்கு ஏதும் இல்லை என்னும் காவல் துறைச் சரிபார்ப்பு, என் நடத்தைக்கு வழக்கறிஞர்கள் அளிக்கும் சான்று என்று விண்ணப்பத்தோடு சேர்க்க வேண்டிய தாள்கள் ஒரு கேஸ் கட்டு அளவுக்குப் பெருகியபோது, அவற்றை வரிசைப்படுத்தி, நகல்களுக்குச் சான்றொப்பம் வாங்கி, எந்தத் தாளில் எங்கே கையெழுத்திட வேண்டும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக் கொடுத்தவர், நான் தொழில் பழகும் மூத்த வழக்கறிஞரான என் சீனியரின் குமாஸ்தா அண்ணாச்சி. கவுன் அணிந்தவர்களுக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதியாவது குமாஸ்தாக்களுக்குக் கிடைக்க வேண்டும் என்பது என் கருத்து. நீதிமன்ற நடைமுறையை இளம் வழக்கறிஞர்கள் பெரும்பாலும் அவர்களிடமே கற்கிறோம்.

நான் நேரில் கண்டிராத ஒருவருக்கும் இங்கே நன்றி சொல்ல வேண்டும். 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம், பதிவுக் கட்டணத்தைப் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய் என்றும், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 125 ரூபாய் என்றும் வரையறுத்திருந்தும், பல மாநிலங்களின் பார் கவுன்சில்கள் 15,000 ரூபாய்க்கு மேல் வசூலித்துவந்தன. கௌரவ் குமார் என்பவர் தொடுத்த வழக்கில், சட்டம் சொல்லும் தொகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலை 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வித்தியாசம் எங்கள் வீட்டில் பல மாத வருமானம்.

விழாவுக்குப் புறப்படுமுன் வாழ்த்துப் பெறச் சென்றபோது என் சீனியர் வ.உ.சி.யைப் பற்றிப் பேசினார். 1908இல் திருநெல்வேலியில் நடந்த வழக்கில் தண்டிக்கப்பட்ட வ.உ.சி. வழக்கறிஞராகத் தொழில் செய்யும் உரிமமான சன்னதையும் இழந்தார். பல ஆண்டுகளுக்குப் பின் அது திரும்பக் கிடைக்க உதவிய நீதிபதி வாலஸின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். ஆங்கிலேய அரசை எதிர்த்துச் செக்கிழுத்தவர், உதவி செய்தவர் ஆங்கிலேயர் என்பதற்காக நன்றியை மறைக்கவில்லை. இம்மடலை ஊரறிய எழுதும் எண்ணம் எனக்கு அந்தப் பேச்சிலிருந்தே வந்தது.

நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் வந்திறங்கிய எங்களை, சென்னையில் மளிகைக் கடை நடத்தும் எங்கள் ஊர் அண்ணாச்சி தம் வீட்டுக்கு அழைத்துச்சென்று தங்கவைத்தார். விழாவன்று கடையை மூடிவிட்டுக் குடும்பத்தோடு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றார். அவர் ஒருநாள் வியாபாரத்தை விட்டது சிறிய காரியம் அன்று.

பதிவு பெற்றவர்கள் தொடர்ந்து தொழில் செய்ய, இரண்டு ஆண்டுகளுக்குள் அகில இந்திய பார் தேர்வில் தேற வேண்டும்; அதற்கான படிப்பைத் தொடங்கியிருக்கிறேன். வரும் திங்கள் முதல் பாளையங்கோட்டையில் சீனியரின் அலுவலகத்தில் இருப்பேன். வழிச்செலவுக்குக் கடன் தந்த மகளிர் சுய உதவிக் குழுவுக்கு அடுத்த மாதக் கூட்டத்திலிருந்து தவணை செலுத்துகிறேன். எங்கள் பகுதியிலிருந்து அடுத்துப் பதிவுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள், குமாஸ்தா அண்ணாச்சி எனக்குத் தயாரித்துத் தந்த தாள்களின் பட்டியலை என்னிடம் வாங்கிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
முக்கூடல் பீடித் தொழிலாளி ஒருவரின் மகள்